காஜியின் மூன்று பக்கங்கள்

இந்த ஊருக்கு வந்த புதிதில், பல்கலைக்கழக நூலகத்தில் என் மேசைமேல் தினமும் காலையில் ஒரு இருமல் மிட்டாய் இருக்கும். பச்சைக் காகிதம் சுற்றிய மிட்டாய். வாயில் போட்டால் மூக்கு வழியாக ஒரு குளிர்காற்று புறப்பட்டுப் போகும். வைப்பவர் அறையின் மேற்பார்வையாளர். சாம்பல் நிறக் கோட்டு, ரப்பர் அடி வைத்த காலணி, பூனை நடை. மிட்டாயை வைப்பார், என்னைப் பார்த்துத் தலையை ஒரு தரம் ஆட்டுவார், போய்விடுவார். வீட்டுக்கு வந்தவர்களுக்கு நாம் தண்ணீர்ச் சொம்பு நீட்டுவதைப் போல, படிக்க வந்தவர்களுக்கு மிட்டாய் கொடுப்பது பெல்ஜியத்து வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். எழுந்து கும்பிட்டேன். ஒருநாள் பதிலுக்கு, ஊரிலிருந்து கொண்டுவந்த பனங்கற்கண்டை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஏதோ கல் ஆராய்ச்சி செய்பவர் மாதிரிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பனி கொட்டத் தொடங்கிய பிறகுதான், பக்கத்து மேசையில் படித்த ஐரிஷ் பெண் சிரிப்பை அடக்கமாட்டாமல் என்னிடம் சொன்னாள்: "அது உபசாரம் இல்லை. நீங்கள் வாயை மூட வேண்டும் என்பதற்காக வைக்கிறார்." நான் வாய்விட்டுப் படிக்கிறேனாம். அறை முழுக்க என் முணுமுணுப்பு, வண்டு புகுந்த குடம் மாதிரிக் கேட்கிறதாம். எனக்கோ நான் பேச்சு மூச்சில்லாமல் படிப்பதாகத்தான் எண்ணம்.

நண்பர்களே, திண்டுக்கல்லில் பிறந்த யாராவது ஊமையாகப் படித்ததுண்டா? பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு கூரையைப் பிய்க்கும். செய்தித்தாளை டீக்கடையில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். எழுத்து என்றால் அதற்கு ஒரு தொண்டை வேண்டும் நமக்கு. இங்கே எழுத்துக்குத் தொண்டை கிடையாது. கண்ணிலிருந்து நேரே மூளைக்குப் போகிறது, கதவைத் தட்டாமல், செருப்பைக் கழற்றாமல். நூற்றுக்கணக்கான பேர் ஒரே கூரையின் கீழ் வாய்மூடி உட்கார்ந்து, இறந்துபோனவர்கள் சொன்னதைக் கண்ணால் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தக் காட்சியில் ஒரு அழகு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டு நானும் பழகினேன். ஆனால் அரபுப் பக்கங்கள் வரும்போது மட்டும் உதடு எனக்குக் கட்டுப்படவில்லை. கட்டுப்படாதது நல்லதாகப் போயிற்று. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மேல்நாட்டுத் தத்துவத்தின் வரலாறும் இஸ்லாமியத் தத்துவத்தின் வரலாறும் ஒன்றை ஒன்று தொட்ட இடத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்க வந்தவள் நான். முப்பத்தெட்டு வயதில், கல்லூரி வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். முதல் சந்திப்பிலேயே என் பேராசிரியர் கேட்டார். ஹெந்த்ரிக்ஸ் என்று பெயர், நெட்டையான மனிதர், பேசும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். "நீங்கள் இந்தியர். ஏன் இந்தியத் தத்துவம் எடுக்கக்கூடாது? உங்களுடையது என்று ஒன்று இருக்கும்போது?"

"என்னுடையதைத்தான் எடுத்திருக்கிறேன்" என்றேன்.

நான் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்து, அதையே இன்னும் மெதுவாக, இன்னும் எளிய பிரெஞ்சில் திரும்பக் கேட்டார். நானும் பதிலை இன்னும் மெதுவாகத் திரும்பச் சொன்னேன். இருவரும் புன்னகைத்துக் கொண்டோம். இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

விளங்க வேண்டுமென்றால் அவர் திண்டுக்கல்லில் எங்கள் நாகல் நகருக்கு வந்திருக்க வேண்டும். மாதா கோயில் பாடகர் குழுவில், முன்பல் விழுந்த வயதிலிருந்து, நான் லத்தீனில் பாடினேன். உச்சரிப்பு மணி மாதிரி. அர்த்தம் ஒரு சொல்லுக்கும் தெரியாது. என் பள்ளித் தோழி மைமூனுக்குப் பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்வீடு. ஆவாரம்பட்டை ஊறும் வாடையில், தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அவள் அரபியில் ஓதினால் கொல்லையில் காகம்கூடக் கத்தாது. அவளுக்கும் அர்த்தம் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, நான் அவளுக்கு என் பாட்டைச் சொல்லிக் கொடுப்பேன். அவள் எனக்கு அரபு எழுத்தைக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுப்பாள். தொண்டையின் அடியிலிருந்து வரும் அந்த எழுத்து எனக்கு வராமல் நான் திணறும்போது, "அடிநாக்குல இருந்து வரணும் லூர்து, முள்ளு சிக்குனாப்புல" என்பாள்.

ஒருநாள் கேட்டேன். "இதுக்கெல்லாம் அர்த்தம் என்ன மைமூன்?"

"அர்த்தமா? அது அல்லாவுக்குத் தெரியும் புள்ள. எனக்கு ஓதத்தான் தெரியும். ஒன் பாட்டுக்கு என்ன அர்த்தமாம்?"

"சாமியாருக்குத் தெரியும்."

"அப்பச் சரி. நீயும் நானும் தபால்காரவுக. கடுதாசியக் கொண்டு போய்க் கொடுக்கணும், பிரிச்சுப் பாக்கப்படாது."

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற வெறி அன்றைக்குப் பிடித்தது. உலகத்தின் பெரிய இரண்டு தத்துவ மொழிகள் என் ஊரில் தினமும் ஒலிக்கின்றன. ஒன்று மணியடித்து வருகிறது, ஒன்று பாங்கு சொல்லி வருகிறது. மலைக்கோட்டைப் பாறையில் இரண்டும் மோதி ஒரே எதிரொலியாகத் திரும்புகின்றன. ஊரோ பூட்டும் புகையிலையும் விற்றுக்கொண்டு அதன் கீழே நடக்கிறது. திருச்சியில் கன்னியர் கல்லூரியில் லத்தீனை இலக்கணத்தோடு படித்தேன். அரபியின் இலக்கணத்தை இங்கே வந்து, தடித்த ஜெர்மன் பாடநூல் ஒன்றோடு மல்லுக்கட்டிப் படித்தேன். ஒலி எனக்கு முன்பே தெரியும், பொருள் பிறகு வந்தது. இங்கே எல்லோருக்கும் பொருள் முதலில் வரும், ஒலி பெரும்பாலும் வருவதே இல்லை.

என் ஆராய்ச்சிக்குரியவர் ஒரு காஜி. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஸ்பெயின் தேசத்தில் முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில், பகலில் வழக்குத் தீர்ப்பும் மற்ற வேளையில் பழைய கிரேக்கத் தத்துவ ஆசான் ஒருவரின் நூல்களுக்கு விரிவுரையும் எழுதியவர். அவர் பெயரைச் சொன்னால் இங்கே கல்லூரிச் சுவர்கூட முகம் சுளிக்கும். ஏனென்றால் லத்தீனில் அவரைப் படித்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அதாவது, தனி மனிதன் சிந்திப்பதே இல்லை, எல்லோருக்கும் பொதுவான ஒரே அறிவு இருக்கிறது, அது சன்னல் வழியாகக் காற்றுப் போவதுபோல் ஆள் வழியாகப் போகிறது, ஆள் வெறும் சன்னல் என்று காஜி சொன்னதாக. ஆள் சன்னல் என்றால் பாவம் யாருடையது, புண்ணியம் யாருடையது? பிடித்துக்கொண்டார்கள். காஜி லத்தீன் உலகத்தில் நிரந்தரக் குற்றவாளி ஆனார். கப்பலேறும் முன் இதை மைமூனிடம் சொன்னேன். அப்போது அவளுக்கு மூன்று பிள்ளைகள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை நிறுத்தாமலே சொன்னாள்.

"எல்லாருக்கும் ஒரே அறிவுதான்னா, நீ அங்கிட்டுப் படிக்கப் படிக்க எனக்கு இங்கிட்டுத் தெரிஞ்சுக்கிட்டே வரணும்ல? பெறகு எதுக்கு அம்புட்டுத் தூரம் போயி குளிருல கெடந்து சாகுற? நீ பாஸுன்னா நானும் பாஸு!"

லத்தீன் பண்டிதர்கள் காஜிமேல் வீசிய முதல் கணையும் இதுதான், ஏறக்குறைய இதே கேலியோடு. அவர்களுக்கு முறம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி அந்த மூன்று பக்கங்கள். காஜியின் விரிவுரை ஒன்றில், ஆள் சன்னல் என்ற பேச்சு மூன்று பக்கத்துக்குப் போகிறது. குற்றச்சாட்டின் முதுகெலும்பே அதுதான். இரண்டாம் ஆண்டின் கார்காலத்தில், அந்தப் பக்கங்களின் அரபு மூலத்தை உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தேன். வாயில் மிட்டாய் பாதி கரைந்திருந்தது. திடீரென்று குரல் மாறியது. வேறெப்படிச் சொல்ல? அதுவரை காஜி நடந்தது நீதிபதியின் நடை. நீண்ட வாக்கியம், 'ஆகவே', 'ஆயினும்', ஒவ்வொரு படியிலும் காலை ஊன்றிப் பார்த்து வைக்கும் நிதானம். அந்த மூன்று பக்கங்களில் வாக்கியங்கள் குட்டையாகின்றன, சூடாகின்றன, கேள்விமேல் கேள்வியாக அடுக்குகின்றன. ஒரு கொக்கரிப்பு வருகிறது. மூன்று பக்கம் முடிந்ததும் மறுபடி நீதிபதி வந்து உட்கார்கிறார். இந்தக் கொக்கரிப்பை நான் கேட்டிருக்கிறேன். பழைய ஏடுகளில் பார்த்ததில்லை. நாகல் நகரில், கோயில் திருவிழாவின் மறுநாள், மைக்கில் கேட்டிருக்கிறேன்.

என் அப்பா பள்ளி ஆசிரியர், அதைவிட மேலாக மேடைப் பேச்சாளர். ஐம்பதுகளில் நம் ஊரில் பட்டிமன்றம் என்றால் கூட்டம் எப்படி அலைமோதும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வருடம் தலைப்பு, குடும்பம் முன்னேற நிலமா, படிப்பா. அப்பா படிப்புக் கட்சி. அவருக்கு ஒரு பாணி உண்டு. தன் கட்சியைப் பேசும் முன் எதிர்க்கட்சியை அவரே பேசுவார். அரைகுறையாகப் பேசமாட்டார். எதிராளியின் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கி, எதிராளிக்கே தோன்றாத நியாயமெல்லாம் சேர்த்து, அவன் குரலில், அவன் கைவீச்சில், முழு மூச்சாகப் பேசுவார். அன்று நிலத்துக்காக அப்படிப் பேசினார். "படிச்சவன் எவனாவது ஒரு தூத்தல் மழை பேய வச்சிருக்கானா? சர்ட்டிபிகேட்டக் கடிச்சா வயிறு நெறையுமா? ஆயக்குடிக் கொய்யா மரம் எந்த ஸ்கூல்ல படிச்சுச்சு? வருசம் தவறாமக் காய்க்குதா இல்லையா?" கூட்டம் கைதட்டித் தீர்த்தது. பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நல்லதுங்கய்யா" என்று தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடுவார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த வாய் தண்ணீருக்கு முன்னால் உள்ளதெல்லாம் எதிர்க்கட்சி என்று தெரியும்.

சித்தப்பாவுக்குத் தெரியாது. குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி வெள்ளாமை செய்பவர். அண்ணன் பேச்சைக் கேட்க அன்றுதான் முதல்முறையாக வந்தார், பஸ் தாமதம். அப்பா எதிர்க்கட்சியை உச்சத்தில் பேசும்போது உள்ளே நுழைந்தார். கேட்டார், கண் கலங்கினார். ஆயுள் முழுக்கத் தன்னைப் படிக்காதவன் என்று சொல்லிவந்த அண்ணன் கடைசியில் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டான்! தண்ணீர் குடிக்கும் முன் எழுந்தார், கடைசி பஸ்ஸைப் பிடிக்க. மறுநாள் காலையில் தன் மகள் செசிலியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். கடலைக்காட்டுக்கு ஆள் வேண்டியிருந்ததாம், இத்தனை நாள் அண்ணனுக்குப் பயந்துதான் அனுப்பினாராம்.

செய்தி கேட்டு அப்பா கிளம்பிப் போனார். நானும் கூடப் போனேன். களத்துமேட்டில் வைத்து நடந்த பேச்சு எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

"அண்ணே, நீங்கதான சொன்னீங்க! மைக்குல சொன்னீங்க! அம்புட்டுச் சனமும் கேட்டுச்சே!"

"ஏலே, அது எதிர்க்கட்சிக்காரன் பேச்சுடா. நான் எடுத்துச் சொன்னேன். செத்த நேரம் இருந்து கேட்டிருந்தா…"

"எதிர்க்கட்சிக்காரன் பேச்ச நீங்க ஏன் பேசுறீங்க? அவனுக்கு வாய் இல்லையா?"

அப்பா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். சித்தப்பா விடவில்லை. "சரி, பேசுனீங்க. அதுக்கு எதுக்கு அம்புட்டு நல்லாப் பேசுனீங்க?"

செசிலியை மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு வெள்ளாமைக் காலம் பிடித்தது. இன்று அவள் ஒட்டன்சத்திரத்தில் ஆசிரியை.

நூலகத்தில் எனக்குப் புரிந்துபோனது. காஜியை மொழிபெயர்த்த லத்தீன்காரர் என் சித்தப்பா. எதிர்க்கட்சியின் குரலைக் கேட்டுவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போனவர். ஏட்டில் மேற்கோள் குறி கிடையாது, பத்தி கிடையாது, வாய் தண்ணீரும் கிடையாது. காஜி தனக்கு முன்பிருந்த ஒரு உரைகாரரின் வாதத்தை, அவரைவிட நன்றாக, எடுத்துச் சொல்கிறார், தகர்ப்பதற்காக. அதைக் காஜியின் சொந்தக் கட்சியாக எழுதி வைத்துவிட்டார்கள். ஒரு வெள்ளாமைக் காலத்தில் சரிசெய்ய முடியாத தவறு. நூற்றாண்டுகளாக ஒரு மனிதன் தான் எதிர்த்த கட்சிக்காக வசவு வாங்கிக்கொண்டிருக்கிறான்.

இதை மூன்றாம் அதிகாரமாக எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் ஹெந்த்ரிக்ஸ் ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். கண்ணாடி கையில் இருந்தது.

"முதல் இரண்டு அதிகாரங்களும் நான்காவதும் திடமானவை. அவற்றுக்குப் பட்டம் உறுதி. மூன்றாவதை எடுத்துவிடுங்கள்."

"ஏன்?"

"ஏட்டில் காஜி எழுதியிருக்கிறார். எழுதியவர் சொன்னதாகத்தான் கொள்ள வேண்டும். நீங்கள் குரல் என்கிறீர்கள். அச்சடித்த பக்கத்துக்குக் குரல் இல்லை, மத்மசேல்."

"இருக்கிறது. நீங்கள் வாய்விட்டுப் படித்தால் கேட்கும்."

அவர் நான் விளையாட்டாகச் சொல்வதாக எண்ணிச் சிரித்தார். பிறகு கண்டிப்பாகச் சொன்னார். அந்த அதிகாரத்தோடு வந்தால் அவர் பொறுப்பேற்க முடியாது, அவரே எழுந்து எதிர்ப்பார், பட்டம் போகக்கூடும். கோடையில் என் விடுப்பும் முடிகிறது, உதவித்தொகையும் முடிகிறது. பட்டம் இல்லாமல் திரும்பினால் இன்னொரு தரம் வர வழியில்லை.

அன்று கால்வாய் ஓரமாக இருட்டும்வரை நடந்தேன். புடவைமேல் ஆண்பிள்ளைக் கம்பளிக் கோட்டு, காலில் பூட்ஸு. எதிர்ப்பட்டவர்கள் என்னைக் கன்னியாஸ்திரீ என்று எண்ணி வழிவிட்டார்கள். என் வீட்டுக்காரி மதாம் மார்த்தாவே வெகுநாள் அப்படித்தான் நினைத்தாள். நான் எந்தச் சபையையும் சேர்ந்தவள் அல்ல என்று சொல்லியும், வாடகையில் தள்ளுபடி கொடுத்து, தனக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னாள். நடந்தபடி கணக்குப் போட்டேன். மற்ற மூன்று அதிகாரங்களும் சுத்தமான வேலைதான். ஆனால் அவற்றை இங்கே பிறந்த எந்தக் கெட்டிக்காரப் பிள்ளையும் எழுதிவிடும். மூன்றாவதை எழுத நாகல் நகர் மைக் வேண்டும், மைமூனின் முற்றம் வேண்டும், களத்துமேட்டில் நின்ற சித்தப்பா வேண்டும். அதை எடுத்துவிட்டால் நான் இவர்கள் மேசையில் இவர்கள் கொடுத்த மிட்டாயைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், அவ்வளவே. திரும்பி வந்து அந்த அதிகாரத்தில் இன்னும் இரண்டு பக்கம் சேர்த்தேன்.

இங்கே டாக்டர் பட்டத்துக்குப் பொது அரங்கில் வாதாட வேண்டும். மேடைமேல் கறுப்பு அங்கியில் நடுவர்கள். நடுவில், கீழே, விண்ணப்பதாரி நடுவர்களைப் பார்த்து நிற்க வேண்டும். அவளுக்குப் பின்னால் பெஞ்சுகளில் ஊரார். அதாவது கேட்க வந்த சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேச வேண்டும். நம் ஊரில் அப்படிப் பேசினால் சோடாப் புட்டி பறக்கும். எனக்கு அது ஒத்துக்கொள்ளவே இல்லை. முதல் கேள்விகள் முடிவதற்குள் என் உடம்பு தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, பக்கவாட்டில் நின்றிருந்தேன். தலைவராக உட்கார்ந்திருந்த முதிய கத்தோலிக்கக் குரு இருமுறை கையால் சாடை காட்டினார். நேராகத் திரும்புவேன். மறுபடி சாய்ந்துவிடுவேன்.

பேராசிரியர் எழுந்தார். "மூன்றாம் அதிகாரத்துக்கு எதிரான வலுவான வாதம் என்னவென்று விண்ணப்பதாரிக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். பேசினேன். அப்பா பேசியதைப் போலப் பேசினேன். ஏட்டில் இல்லாததைக் காதால் கேட்டதாகச் சொல்வது ஆராய்ச்சியா? வாக்கியம் சுருங்கினால் ஆள் மாறிவிட்டார் என்று அர்த்தமா, கோபம் வந்திருக்கக்கூடாதா? இத்தனை தலைமுறைப் பண்டிதர்கள் கண்ணில் படாதது உலகத்தின் கோடியிலிருந்து வந்த ஒருத்திக்குப் படுமா? மேடைப் பேச்சின் பழக்கத்தை ஒரு தத்துவ ஞானியின் தலையில் கட்டுவது என்ன நியாயம்? பேராசிரியர் என்னிடம் சொன்னதையெல்லாம் சொன்னேன். சொல்லாமல் விட்டதையும், அவருக்குத் தோன்றியிருந்தால் சொல்லியிருக்கக் கூடியதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் ஒரு இளக்கம், ஒரு பரிவு. முதிய குரு பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்ல, நடவடிக்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்திருந்த எழுத்தர் பேனாவை எடுத்தார். பின்னால் மதாம் மார்த்தா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

மேசைமேல் இருந்த தம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

"நல்லது" என்றேன். "இதுவரை பேசியது பேராசிரியரின் கட்சி. எழுத்தர் என்ன எழுதினார் என்று படித்துக் காட்டும்படி வேண்டுகிறேன்."

எழுத்தர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையசைத்தார். 'விண்ணப்பதாரி மூன்றாம் அதிகாரத்தின் குறைபாட்டை ஏற்றுக்கொண்டு அதைக் கைவிடுகிறார்' என்று எழுதியிருந்தது.

"ஏற்றுக்கொள்கிறேன் என்று எந்த வாக்கியத்தில் சொன்னேன்?"

எழுத்தர் தன் தாளில் தேடினார். அப்படி ஒரு வாக்கியம் இல்லை.

"நான் உயிரோடு உங்கள் முன் நிற்கிறேன். என் முகத்தைப் பார்க்கிறீர்கள், குரலைக் கேட்கிறீர்கள். இருந்தும் கொஞ்ச நேரத்துக்குள் என்னை எதிர்க்கட்சியில் சேர்த்துவிட்டீர்கள். அந்த மொழிபெயர்ப்பாளரிடம் இருந்தது, இறந்துபோன ஒரு மனிதரின் மை மட்டும்."

பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. அவரைப் பற்றி நான் உயர்வாக எண்ணத் தொடங்கியது அந்தக் கணத்தில்தான். நிதானமாகக் கேட்டார். "தவறு நடக்கக்கூடும் என்று காட்டிவிட்டீர்கள். நடந்தது என்று காட்டவில்லை."

சரியான கேள்வி. அதற்குத்தானே வந்தேன். அரபு மூலத்தை எடுத்து வாய்விட்டுப் படித்தேன், மைமூனின் அடிநாக்கோடு. முதலில் நீதிபதியின் நடையில் ஒரு பக்கம், பிறகு அந்த மூன்று பக்கம், பிறகு மறுபடி நீதிபதி. பின் அதே இடங்களை லத்தீனில், பாடகர் குழுவின் உச்சரிப்போடு. அரபு தெரியாதவர்களுக்கும் குரல் மாறுவது கேட்டது. முன்பெஞ்சில் இருந்த ஒருவர் சரியாக அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். லத்தீனில் அந்த மாற்றம் தேய்ந்து, வழவழவென்று, எல்லாம் ஒரே ஆள் பேச்சாகிவிட்டதும் கேட்டது. அதன் பிறகு, மூன்று பக்கத்தின் முடிவில் 'நாம் சொல்வதோ' என்று காஜி தொடங்கும் இடத்தைக் காட்டினேன். லத்தீனில் அந்தத் தொடக்கத்தை அசட்டையாக முந்தின வாக்கியத்தோடு ஒட்டியிருந்தார்கள். வரிவரியாக எடுத்து வைத்தேன். முதிய குரு சாடை காட்டுவதை மறந்துபோனார். நான் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

பட்டம் கொடுத்தார்கள். மூன்றாம் அதிகாரத்தோடு. பேராசிரியர் கை குலுக்கி, "நான் இன்னும் முழுக்க நம்பவில்லை. ஆனால் அந்த அதிகாரம் இருக்கட்டும். அதைப் பற்றி நாம் இருவரும் சண்டை போட வேண்டியிருக்கிறது, ஆகவே நீங்கள் இங்கே இருக்க வேண்டும்" என்றார். இந்த ஊரில் எனக்கு வேலை வந்தது அந்த விதமாகத்தான். மாணவர்களுக்கு அரபு ஏட்டையும் லத்தீன் ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாய்விட்டு, படிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். என் வகுப்பறைக் கதவைச் சாத்தி வைக்கச் சொல்லி மற்ற ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டம் வாங்கியபின் ஒருமுறை திண்டுக்கல்லுக்கு வந்தேன். நான் வேலை பார்த்த கல்லூரியில் கூட்டம் போட்டார்கள். மேடையில் எனக்குப் பின்னால் பெரிய மனிதர்கள், முன்னால் பெண்பிள்ளைகளின் கூட்டம், முதல் வரிசையில் அப்பா, பக்கத்தில் என் தங்கை ஆரோக்கியம், அவளுக்கு அப்பால் முக்காட்டோடு மைமூன். மைக்குக்கு முன் நின்று பேச்சைத் தொடங்கினேன். இங்கே பழகிய உடம்பு மேடை நாற்காலிக்காரர்களுக்கு முதுகு காட்டக் கூசியது. அங்கே பிறந்த உடம்பு சனத்துக்கு முதுகு காட்டக் கூசியது.

முதல் வரிசையிலிருந்து மைமூனின் குரல், தணிந்த குரல்தான், மைக்குக்கே கேட்டிருக்கும். "ஏன் புள்ள கோணிக்கிட்டு நிக்கிற? நேரா நில்லு!"

"வுடு மைமூனக்கா," என்றாள் என் தங்கை. "அவளுக்கு இனிமே அம்புட்டுத்தான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நேராக நிற்கப் பார்த்தேன். நேர் எந்தப் பக்கம் என்று தோள்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன. கடைசியில் ஒரு காது மேடைக்கும் ஒரு காது கூட்டத்துக்குமாக நின்றுவிட்டேன். என் முகத்துக்கு எதிரே இருந்தது பக்கச் சுவர், புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்தது, யாரும் உட்காராத இடம். அந்தச் சுவரைப் பார்த்தே பேசி முடித்தேன். குரல் இரண்டு பக்கத்துக்கும் நன்றாகவே கேட்டது.